ஒன்றும் ஆகவில்லை என்பது

ஒரு காரியம் சரியா தவறா என்பதை அதன் முடிவைக் கொண்டே தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது என்பது, முடிவு என்று எதுவுமே நேராத ஒரு சந்தர்ப்பத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. படகு கவிழவில்லை. யாரும் மூழ்கவில்லை. ஒருவர் செத்திருந்தார், ஆனால் அது அக்கரையில், வேறு காரணத்தால், படகு நீரில் இறங்குவதற்கு முன்பே. அன்று நான் சொன்ன ஒரு வார்த்தை தவறு என்று இன்று எனக்குப் படுகிறது. அந்தத் தவறை நிரூபிக்கச் சம்பவம் எதுவும் என் கையில் இல்லை. சம்பவத்தின் துணையில்லாமல் ஒரு தவறைத் தவறு என்று சொல்ல முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இடம் பண்ணவாடி. சேலம் மாவட்டத்தின் மேற்கு ஓரம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்குப் பின்னால் தேங்கும் நீர், தர்மபுரிப் பக்கத்து நாகமரையை இந்தக் கரையிலிருந்து பிரிக்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த எண்களைப் பத்திரிகைகள் தினமும் அச்சிடுகின்றன. டெல்டா விவசாயி அவற்றை ஜாதகம்போலப் படிக்கிறான். துறையில் படகு ஓட்டுகிறவனுக்கு இதே எண்களின் அர்த்தம் வேறு. அவனுடைய கரை நிலையானதல்ல. நீர் ஏறினால் துறை ஊரை நோக்கி வரும். இறங்கினால் வெடித்த சேற்றின்மேல் வெகுதூரம் நடந்து போய்த்தான் துறையைத் தேட வேண்டும். நன்றாக வற்றிய வருஷங்களில், அணை கட்டியபோது முழுகிப்போன கோயிலின் நந்தியும் பழைய மாதாகோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் பார்க்கப் போவார்கள். நந்தி தெரிகிறதென்றால் படகுக்காரனுக்குப் பிழைப்பு இல்லை என்று அர்த்தம்.

2023 ஜூன் 12ஆம் தேதி வழக்கம்போல் பாசனத்துக்குத் திறந்த அணையை அக்டோபர் 10இல் மூட வேண்டியதாயிற்று. நீர் இல்லை. 2024 ஜூன் 12இல் திறக்கவே முடியவில்லை. ஜூலை தொடக்கத்தில் சுமார் 40 அடியில் கிடந்த மட்டம், கர்நாடகத்தில் பெய்த மழையால் அந்த மாதம் 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. ஒரு வருஷத் தரிசு ஒரே மாதத்தில் கடலாயிற்று. வேலமரத்தடியில் கீற்றுப் போட்டு மூடிக் கிடந்த ஒரு மரப்படகை மறுபடி ஓட்டத்துக்குத் தயார் செய்யும் வேலையை, வெள்ள வேகம் தணிந்த ஆகஸ்டு மாதத்தில், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவன். வேறு ஜோலி இல்லை.

வெளிப்பார்வைக்குப் படகில் பழுதே இல்லை. வர்ணம்கூட அவ்வளவாகப் போகவில்லை. உழைப்பினால் வரும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். துடுப்புப் பட்ட இடம் வழுவழுப்பாகும், கால் பட்ட பலகை குழியும். அது நேர்மையான தேய்மானம். கிடையினால் வரும் கேடு அப்படியல்ல. அது நாம் பார்க்காத இடமாகத் தேர்ந்தெடுத்து உட்காருகிறது. பலகைகள் காய்ந்து சுருங்கியதில் இடையிடையே நகம் நுழையும் அளவு இடைவெளி. டீசல் தொட்டியின் அடியில், காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய தண்ணீர். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பாசி. புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் நீரை ஏற்றும் சிறு பம்பின் ரப்பர் சக்கரம் ஒரே நிலையில் மடங்கி இறுகியிருந்தது; அதை மாற்றாமல் ஓட்டினால், ஓடுகிற சத்தம் என்னவோ சரியாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் என்ஜின் சூடேறி இறுகிவிடும். மிதவைச் சட்டைகள் மூட்டையாகக் கட்டி வைத்தபடியே இருந்தன. மூட்டையைப் பிரித்தபோது நான்கில் வார்கள் இல்லை. எலி.

ஓய்வு என்பதை நாம் ஒரு வெற்றிடமாக, காலம் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும் இடமாகக் கருதுகிறோம். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று வெகு சுலபமாகச் சொல்கிறோம். விட்ட இடம் என்று ஒன்று இல்லை. விட்ட கணத்திலிருந்து அது நகர ஆரம்பித்துவிடுகிறது.

படகுக்காரர் வேலை செய்த முறையில் இரண்டு விஷயங்கள் என் தர்க்கத்துக்கு எதிராக இருந்தன. முதலாவது, பலகை இடுக்குகளை அவர் உடனே அடைக்கவில்லை. பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் தயாராக இருந்தும், கடற்கரையில் கலப்பத்து என்பார்களே, அந்த வேலையைத் தொடவில்லை. படகுக்குள் சாக்குகளைப் பரப்பி இரண்டு நாளாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஊறவைத்தார். ஏன் என்று கேட்டேன். "காஞ்ச கட்டையில கெட்டியா அடைச்சமுன்னா, ஊறி உப்பறப்ப பலகைக்குப் போக எடம் இருக்காதுங்க. ஆணியத் தள்ளிப்போடும்" என்றார். பெரும்பாலான இடைவெளிகளை மரம் தானாகவே மூடிக்கொண்டது. மூடாமல் நின்ற சிலவற்றை மட்டும் அடைத்தார். தெரிகிற குறையை எல்லாம் தெரிந்த உடனே சரிசெய்யத் துடிக்கும் நம் சுறுசுறுப்பு எப்போதும் பொறுப்புணர்ச்சி ஆகிவிடாது. சில சமயம் அது அவசரம் மட்டுமே.

இரண்டாவது, விசிறிக்குப் போகும் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடம். அங்கே கிரீஸில் ஊறிய கயிற்றைச் சுற்றி ஒரு மூடியால் இறுக்குவார்கள். கிணற்று பம்புசெட்டில் இருக்கும் அதே கிளாண்டுதான். நீர் உள்ளே வரக்கூடாது என்பதற்குத்தான் அது. சொட்டுவதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் முறுக்கக் கூடாதா என்றேன். தண்டு சுழலும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டாவது கசியத்தான் வேண்டும் என்றார் அவர். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் இல்லாமல் முறுக்கினால் கயிறு கருகித் தண்டு தின்றுபோகும். பிறகு கசிவு சொட்டாக இருக்காது. முழு நிச்சயம் கேட்கிறவன் எதை இழக்கிறான் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் என்ஜின் எழுந்தது. பழைய டீசலை வடித்து, வடிகட்டியை மாற்றி, குழாயில் நின்ற காற்றை எடுத்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, லிவரைத் தூக்கிக் கையால் பலமுறை சுற்றிவிட்டுப் பிறகு ஹேண்டில் போட்டார். கறுப்பாக, வெள்ளையாக, பிறகு நிறமே இல்லாமல் புகை வந்தது. துறையில் நின்றவர்கள் கை தட்டாத குறை. கரையில் கட்டியபடியே ஒரு மணி நேரம் ஓட்டினார். பிறகு நிறுத்திவிட்டு, மணல் மூட்டைகளைப் படகில் ஏற்றச் சொன்னார். ஆள் பாரத்துக்கு ஈடாக மூட்டைகளை அடுக்கி, உள்பக்கத்து வங்கில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, இரவு முழுக்க அப்படியே மிதக்க விடப் போவதாகச் சொன்னார். காலையில் உள்ளே நீர் கோட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் ஏற்றுவாராம்.

சாயங்காலம் அந்தப் பெரியவர் வந்தார். நாகமரைப் பக்கத்தில் அவருடைய அக்கா இறந்துபோயிருந்தாள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். காற்று பலமாக இருந்ததால் பரிசல்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வேறு விசைப்படகு துறையில் இல்லை. மேட்டூரைச் சுற்றிப் பேருந்தில் போனால் முகம் பார்க்க முடியாது. "கண்ணு, என்ஜின் சத்தம் எங்கூட்டு வரைக்கும் கேட்டுது சாமி. ஒரே ஒரு நடை" என்றார்.

படகுக்காரர் தலையை ஆட்டவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன்: "என்ஜின் நல்லாத்தானே ஓடுது. ஒரு தடவை விட்டுட்டு வந்துடலாமே."

"என்ஜின் ஓடுதுங்க. படகு ஓடுதான்னு நாளைக்குத்தானுங்க தெரியும்."

"அவரே துணிஞ்சு வர்றேங்கிறாரே."

"அவரு துணிஞ்சு வரலீங்க. என்னைய நம்பி வர்றாரு. ரெண்டும் வேறயிங்க."

பெரியவர் பேருந்துக்குப் போனார். முகம் பார்க்கவில்லை. காலையில் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே நீர் ஒரு விரல்கடைகூட ஏறவில்லை. படகில் ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் மாலை அந்தப் படகு பெரியவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுப் பத்திரமாகத் திரும்பியிருக்கும். இது எங்கள் மூவருக்கும் தெரிந்துபோயிற்று.

வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடியேறிகளை ஏற்றிச் செல்ல இருக்கும் ஒரு பழைய கப்பலின் சொந்தக்காரனைப் பற்றிய கற்பனையோடு அது தொடங்குகிறது. கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவனுக்கு வருகிறது. செலவு அதிகம். இத்தனை தடவை போய் வந்த கப்பல்தானே, தெய்வம் கைவிடாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மெய்யாகவே நம்ப ஆரம்பித்துவிடுகிறான். கப்பல் முழுகுகிறது. அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கிளிஃபோர்டு இங்கே நிற்பதில்லை. கப்பல் முழுகாமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் அவன் குற்றம் ஒரு துளியும் குறையாது, அது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான் என்கிறார். காரியம் செய்யப்பட்ட கணத்திலேயே அதன் தன்மை தீர்ந்துவிட்டது. பிறகு நடப்பது தற்செயல். இதை எழுதியவர் நாற்காலியில் உட்கார்ந்து கப்பலைக் கற்பனை செய்தவரல்ல. 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன கோஷ்டியில் இருந்து, சிசிலிக்கு அருகே கப்பல் சேதத்தில் தப்பியவர்.

இந்தக் கட்டுரையைக் கல்லூரி நாட்களில் படித்து, மிகவும் சரி என்று ஒப்புக்கொண்டவன் நான். அதைப் படித்தவன்தான் அன்று மாலை, கப்பல்காரன் தனக்குள் சொல்லிக்கொண்டதை வாய்விட்டுச் சொன்னேன். படித்ததற்கும் செய்ததற்கும் இருக்கும் இந்த இடைவெளி வெட்கப்பட வேண்டியது. ஆனால் வெட்கம் சிந்தனைக்கு மாற்றாகிவிடாது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிஃபோர்டுக்குப் பதில் சொன்னார். தவறிவிடக் கூடாது என்ற பயமும் ஒரு உணர்ச்சிதான். அது அறிவின் குரல் என்று வேஷம் போட வேண்டியதில்லை. சான்று போதாத இடத்தில், தள்ளிப்போட முடியாத கட்டத்தில், காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு. பெரியவர் கொடுத்தது அந்த விலை. அவருடைய அக்காளின் முகம் ஒரே ஒரு மாலைதான் பார்க்கக் கிடைத்தது. படகுக்காரரின் ஜாக்கிரதைக்கான கூலியைப் படகுக்காரர் கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்தார். ஜாக்கிரதையைப் பற்றிப் பேசும் ஒழுக்க நூல்கள் இந்த இடத்தை அநேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

ஆனால் ஜேம்ஸின் வாதம் தன்னுடைய நம்பிக்கையைத் தானே பணயம் வைக்கிறவனுக்குத்தான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. படகுக்காரர் தனியாக அன்று மாலை அக்கரைக்குப் போயிருந்தால் அது துணிச்சல், அல்லது மடத்தனம். இரண்டும் அவருடைய சொந்த விஷயம். பெரியவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தால், பணயம் வைக்கப்பட்டது பெரியவர். பெரியவர் சம்மதித்தாரே என்றால், எதற்குச் சம்மதித்தார்? குளவிக்கூட்டையும் ரப்பர் சக்கரத்தையும் வார் அறுந்த சட்டைகளையும் அவர் பார்க்கவில்லை. பலகை இடுக்கில் நகம் நுழைந்ததை அவர் அறியவில்லை. அவர் கேட்டது என்ஜின் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்துக்கும் துக்கத்துக்கும் இடையில் அவருடைய சம்மதம் பிறந்தது. தெரியாதவனின் சம்மதத்தைத் தெரிந்தவன் தனக்கு அனுமதியாக எடுத்துக்கொள்வது, சம்மதம் என்ற சொல்லையே ஏமாற்றுவது. எனக்கோ அவை எல்லாம் தெரியும். ஐந்து நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அறியாமை அவரை மன்னிக்கிறது. என் அறிவு என்னை மன்னிக்கவில்லை.

2023 மே 7ஆம் தேதி கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அதற்கு முன் அது ஓடாமல் இருந்ததில்லை. ஓடியது, திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவை திரும்பி வந்தபோதும், ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு சான்றாகச் சேர்ந்துகொண்டே போயிருக்க வேண்டும். ஒன்றும் ஆகாத நாட்கள்தான் ஆகிற நாளைத் தயாரிக்கின்றன. சட்டம் இருக்கிறது. 1917ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் உள்நாட்டு நீர்க்கலங்களுக்குப் புதிய சட்டம் வந்திருக்கிறது. பரிசோதனை, பதிவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் சான்றிதழ் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் படகு எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி. படகு கிடையில் கிடந்த மாதங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அந்த இடைவெளியைத் தன் விரல் நகத்தால் தடவிப் பார்க்க ஒருவன் வேண்டும். பார்க்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது என்ற நிலையில் பார்க்கிறவனாக அவன் இருக்க வேண்டும்.

இதில் படகுக்காரருக்கு நிச்சயம் கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. சுண்ணாம்புக் கோடு ஒரு இரவுக்குத்தான் சாட்சி. கிளாண்டு சொட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அவரிடம் நாம் கோருவது நிச்சயத்தை அல்ல. பார்க்கக் கூடியதைப் பார்த்தாரா என்பதைத்தான். பார்த்த பிறகும் மீதமிருக்கும் ஆபத்து உலகத்தினுடையது. பார்க்காமல் விட்டதில் இருக்கும் ஆபத்து நம்முடையது. இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றாகவே தெரியும். கரையில் வைத்துத்தான் பிரிக்க முடியும்.

நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு ஒப்புமையை எதிர்பார்ப்பீர்கள். எட்டு வருஷமாக எதுவும் எழுதாதவன் ஒரு படகைப் பற்றி எழுதினால் எதைச் சொல்ல வருகிறான் என்று யூகிக்க முடியாதவர்களா இந்தப் பத்திரிகையின் வாசகர்கள்? அந்த ஒப்புமை மலிவானது. மோசமான கட்டுரை கவிழ்ந்து யாரும் மூழ்கியதில்லை. ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை. ஆசிரியர் கேட்டபோது, பெட்டியில் கிடந்த பழைய நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே எடுத்து அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். வாசித்துப் பார்த்தேன், ஓடியது. வாக்கியங்கள் சத்தமாகவே ஓடின. எழுதியபோது அவற்றுக்குக் கீழே இருந்த ஏதோ ஒன்று சுருங்கி, இடையில் நகம் நுழைந்தது. அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

பெரியவரைப் பதினாறாம் நாள் காரியத்தன்று மறுபடி துறையில் பார்த்தேன். படகுக்காரரிடம் அவர் பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அன்று அவருக்காகப் பரிந்து பேசியவன் என்ற முறையில் தலையசைத்தார். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, அந்தப் படகிலேயே ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்தார். கூலியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். படகுக்காரர் குனிந்து, கிளாண்டில் சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு என்ஜினைக் கிளப்பினார்.